பதில் மணி

என் வலது உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்து இருக்கிறது. எலுமிச்சம்பழ அளவு. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் எங்கோ போகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் பெண், "எமர்ஜென்சின்னா மட்டும் அமுக்குங்க சார்" என்று அதைக் கையில் திணித்துவிட்டுக் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் போய்விட்டாள். எது எமர்ஜென்சி என்று சொல்லவில்லை. எனக்கு விடிந்ததிலிருந்து எல்லாமே அதுதான். மூன்று மாதத் தலைவலியைக் கைபேசியில் தேடி, மூளையில் ஒரு கட்டியை நானே கண்டுபிடித்து, அதற்கு இடமும் அளவும் சொன்னேன். என் வாயை அடைக்கத்தான் டாக்டர் இதை எழுதிக் கொடுத்தார் என்பது என் மனைவியின் கட்சி. அவள் இதே அறையில், என் காலருகே நிற்கிறாள். நான்கு வருடத்துக்கு முன் இப்படி ஒரு பந்தை அவள் அப்பாவின் கையில் பார்த்தேன்.

என் மாமனார் கோலார் தங்கவயலில், சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கூண்டுக்கு மணி கொடுத்தவர். ஷிஃப்டுக்கு இறங்குகிறவர்களை எண்ணி ஏற்றி, கதவைச் சாத்தி, மூன்று மணி அடிப்பார். கூண்டில் இருப்பது கல் இல்லை, ஆட்கள், மெதுவாக இறக்கு என்று அர்த்தம். கூண்டை இறக்கும் எஞ்சின்காரர் வேறொரு கட்டடத்தில் இருப்பார். அவர் கண்ணுக்குக் கூண்டு தெரியாது. அவரும் மூன்று மணியைத் திருப்பி அடிக்க வேண்டும். அந்தப் பதில் காதில் விழாமல் கூண்டு அசையக் கூடாது. சுரங்கத்தை மூடிப் பல வருடங்கள் ஆகியும் மாமா இதை விடவில்லை. ஸ்கெலட்டன் லைன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் இருந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது நிலைச்சட்டத்தில் மூன்று தட்டு தட்டுவார். அடுப்படியிலிருந்து மாமியார் கரண்டியால் மூன்று தட்டு தட்டினால்தான் படி இறங்குவார். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்து நான் சிரித்தேன். அன்று எனக்கு ரசம் கொஞ்சம் குறைவாக விழுந்தது.

பயத்தில் எத்தனை தினுசு உண்டென்று அந்த வீட்டில்தான் தெரிந்துகொண்டேன். மாமியாரின் பயத்துக்கு நேரம் காலம் இருந்ததாம். ஷிஃப்ட் முடிகிற சங்கில் தொடங்கும், மாமாவின் சைக்கிள் சத்தத்தில் முடியும். பூமிக்கடியில் பாறை வெடித்து வீட்டுப் பாத்திரங்கள் அதிர்ந்த நாட்களில் மட்டும் அது நீளும். என் மனைவியின் பயம் சமையல் சிலிண்டரோடு சரி. இரண்டு முறை மூடிப் பார்த்தால் அடங்கிவிடும். என் பயத்துக்குத்தான் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. நான் வேலைக்குப் போகும் மாரிகுப்பம் ரயில் பத்து நிமிடம் தாமதித்தால் வேலை போய், வீடு போய், பங்காரப்பேட்டை பிளாட்பாரத்தில் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பேன், மனத்துக்குள். மாமாவுக்கு மட்டும் பயமே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவர் செருப்பு கழன்று தெருவிலேயே கிடந்தது. அவர் வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்திருந்தார். கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. முட்டிக்குக் கீழே மரத்துப் போயிருந்தது. முதுகுத்தண்டில் ஏதோ நரம்பை அழுத்துகிறது, ஸ்கேன் பார்த்து உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் அப்புறம் நடக்கவே முடியாது என்றார் பெங்களூர் டாக்டர். அன்று மத்தியானமே ஒரு ஸ்கேன் சென்டரில் நேரம் கிடைத்தது. அதை விட்டால் பத்து நாள்.

ஸ்கேன் குழாய்க்குள் போன மாமா ஒரு நிமிடத்தில் பந்தை அமுக்கினார். அபாய மணி அலறியது. ஸ்கேன் எடுத்த பெண் பதறிப் போய் அவரை வெளியே இழுத்தாள். "என்னாச்சு அங்கிள்?"

"ஒண்ணியும் ஆவலியே. நீ இன்னாத்துக்கு இஸ்த?"

மறுபடி உள்ளே தள்ளினார்கள். மறுபடி அலறல். "சும்னே ஒத்பேடி அங்கிள்," சும்மா அமுக்காதீங்க என்று அவள் கன்னடத்தில் கெஞ்சினாள். வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருக்கிறார்கள், இன்னொரு தடவை அமுக்கினால் இன்றைக்கு முடியாது என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். சக்கர நாற்காலியில் மாமா, அதைத் தள்ளிக்கொண்டு நான், ஸ்கெலட்டனின் மேட்டுத் தெரு எல்லாம் அந்த ஒரு வினாடியில் வந்து போயின. அவர் பக்கத்தில் குனிந்து கேட்டேன்.

"பயமா இருக்கா மாமா?"

"எனக்கா? இத்தவிட இருட்டெல்லாம் பார்த்தவன் மாப்ள நானு. ஆளு ஏறியாச்சின்னு மூணு பெல் குடுத்தேன். அந்தப் பொண்ணு பதில் பெல்லே குட்க்காம வண்டிய உட்டுச்சி. அதான் மறுக்கா அட்ச்சேன்." பிறகு கூரையைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்தி, "பதில் வர்லன்னா அந்தாண்ட ஆளு கீதா இல்லியான்னு எப்டி மாப்ள தெரியும்?"

பந்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். பதினெட்டு வருட மருமகன், முதல் முறையாக அவர் பயத்தைப் பார்த்தேன்.

அந்தப் பெண்ணிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நோயாளி யாரென்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கடைசியில், உடம்பில் உலோகம் எதுவும் இல்லாமல் நீங்களும் உள்ளே நில்லுங்கள் என்றாள். வாட்ச், சாவி, பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தேன். காதில் பஞ்சு, ஒரு கையில் நழுவுகிற பேண்ட். மாமா படுக்கை ஓரத்தில் விரலால் மூன்று தட்டினார். நான் அவர் பாதத்தில் மூன்று தட்டினேன். அவர் காத்திருந்தார். மறுபடி தட்டினார். கட்டைவிரல் பந்தை நோக்கி நகர்வது தெரிந்தது.

"கால்ல தட்னா எனக்கு இன்னா தெரியும் மாப்ள? முட்டிக்கு மேல தட்டுங்க!"

முட்டிக்கு மேலே தட்டினேன். கட்டைவிரல் நின்றது. கதவு மூடியது, இயந்திரம் ஜல்லி அரைப்பதுபோல் அரைக்கத் தொடங்கியது. ஒவ்வொரு முறை சத்தம் நின்று மாறும்போதும் அவர் மூன்று தட்டினார், நான் மூன்று தட்டினேன். அரைமணி நேரம். என் மண்டைக்குள் வழக்கமாக ஓடும் விபத்துகளில் ஒன்றுகூட அந்த அரைமணியில் ஓடவில்லை என்பதை ரயிலில் திரும்பும்போதுதான் கவனித்தேன். அடுத்தவருக்குப் பதில் மணி அடிக்கும் வேலையில் இருந்தவனுக்குத் தன் பங்குக்குப் பயப்பட நேரம் இல்லை.

ஆபரேஷனுக்குப் பின் மூன்று வருடம் மாமா கைத்தடியோடு நடந்தார். போன வருடம் நுரையீரல் நோய் அவரை எடுத்துக்கொண்டது. கடைசி வரை கிளம்பும்போது நிலைச்சட்டத்தில் தட்டினார். மாமியார் இறந்த பிறகு, அடுப்படியில் பதில் தட்டும் கரண்டி என் மனைவியின் கையில் இருந்தது.

இப்போது படுக்கை என்னை உள்ளே இழுக்கிறது. மூக்குக்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் வெள்ளைக் கூரை. பெரிய ஞானி மாதிரி அமைதியாகக் கண்ணை மூடுகிறேன், உடனே திறக்கிறேன். கட்டி நிச்சயம் இருக்கிறது. இரண்டு இருந்தாலும் இருக்கும். மனைவிக்கு நான் அன்று வந்து சொன்ன இந்த வேடிக்கையெல்லாம் இன்றைக்கு நினைவிருக்குமோ என்னவோ. வெட்கத்தை விட்டு, படுக்கை ஓரத்தில் நகத்தால் மூன்று தட்டுகிறேன்.

ஒன்றும் இல்லை.

இயந்திரம் உறுமத் தொடங்குகிறது. என் கட்டைவிரல் பந்தின் மேல் ஏறுகிறது.

முட்டிக்கு மேலே, ஒன்று. இரண்டு. மூன்று.

கையைத் தளர்த்துகிறேன். கூண்டு இறங்கட்டும்.