பர்மாவுக்குப் போகாத பட்டாளத்து மாமா

பட்டாளத்து மாமா போய்விட்டார்.

காலையில்தான் ஹாலிஎலயிலிருந்து ஆள் வந்து சொன்னது. எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குக் கை ஓடவில்லை... எழுதிக்கொண்டிருக்கிறேன்.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். தேயிலை ஸ்டோர் வாசலில் காவல்காரர். காக்கிக் கோட்டு, பெரிய மீசை, காலில் பூட்ஸ். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பூட்ஸ் போட்ட ஒரே மனிதர்.

நாங்கள் பிறக்கும் முன்பு நடந்த பர்மா சண்டையில் இருந்தவர் என்று தோட்டத்துக்கே பெருமை. ஞாயிற்றுக்கிழமை பூட்ஸைத் துடைத்துக்கொண்டே கதை சொல்வார். ஆற்றைக் கடந்தது, யானை மிரண்டது, பக்கத்தில் நின்றவன் சுருண்டு விழுந்தது... கொழுந்துக் கூடையை இறக்காமலே நின்று கேட்டிருக்கிறேன்.

மாரியம்மன் திருவிழாவில், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் பெரிய கங்காணிக்கு அடுத்த பரிவட்டம் அவருக்குத்தான். பன்றி வேட்டைக்குக் கூப்பிட்டால் மட்டும் வரமாட்டார். "மனுசனச் சுட்ட கை... மிருகத்தச் சுடாது" என்பார். எங்களுக்குப் புல்லரிக்கும்.

அப்புறம் சீமையில் நிஜமாகவே பெரிய சண்டை வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர்களில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி. எங்கள் லயத்தில் ஏழு பேர் கிளம்பிவிட்டார்கள். எல்லாரும் மாமா கதை கேட்டு வளர்ந்தவர்கள். அதில் ஒருவர் எங்கள் வீட்டுக்காரர்.

கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். கேட்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது மாமாவைப் பார்த்தேன். குடத்தை வைத்துவிட்டு நேராகவே கேட்டேன்.

"மாமா, நான் முழுகாம இருக்கேன். அவரு உங்க பேச்சக் கேட்டுத்தான் போறாரு. அங்க ரொம்பக் கஷ்டம்னு ஒரு வார்த்த சொல்லுங்க மாமா."

அவர் என்னையே பார்த்தார். "கஷ்டம்னு சொன்னா இன்னும் துள்ளிக்கிட்டுப் போவானுங்க தாயி" என்றார். போய்விட்டார்.

மறுநாள் காலையில் கோயில் வாசலில் ஏழு பேரும் மூட்டையோடு நிற்கிறார்கள். தோட்டமே கூடி நிற்கிறது. மாமா கையால் திருநீறு வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை.

மாமா திருநீற்றுத் தட்டைக் கையில் எடுக்கவில்லை.

"நான் பட்டாளத்துல இருந்ததே இல்லப்பா. பர்மாவக் கண்ணால பாத்ததில்ல."

யாரோ சிரித்தார்கள்.

"எங்க ஊர்ல எங்க ஆளுக செருப்புப் போட்டுக்கிட்டுப் பெரிய தெருவுல நடக்க முடியாது. கப்பலேறி இங்க வந்தப்ப, நீ யாருன்னு கேட்டாங்க. பட்டாளம்னு வாயில வந்திருச்சு. கடலுக்கு இந்தப் பக்கம் யாரு வந்து விசாரிக்கப் போறா? இந்த பூட்ஸு பதுளை டவுன்ல பழைய சாமான் கடையில வாங்குனது."

எங்கள் வீட்டுக்காரர்தான் முதலில் கத்தினார். "கங்காணி சொல்லிக் குடுத்தாரா மாமா? ஆள் கொறஞ்சிரும்னு அவருக்குப் பயம்!"

நம்பவில்லை... ஏழு பேரில் ஒருவரும் நம்பவில்லை! எத்தனையோ வருடமாகப் பொய்யை நம்பினவர்கள், உண்மையைச் சொன்னால் பொய் என்றார்கள்.

மாமா கங்காணியிடம் போனார். அவர் தோளில் கிடந்த வேட்டைத் துப்பாக்கியைக் கேட்டு வாங்கினார். எங்கே பிடிப்பது என்று தெரியாமல், குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடுவில் வந்து நின்றார்.

"இதுல வெடிமருந்த எங்க போடுறதுன்னு எனக்குத் தெரியாது. யாராச்சும் காட்டுங்க."

அவ்வளவு பெரிய மீசைக்குக் கீழே உதடு நடுங்கியது.

அப்போதுதான் நம்பினார்கள். எங்கள் வீட்டுக்காரர் மூட்டையைத் தரையில் போட்டார். வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினார். மாமா அத்தனையையும் கேட்டுக்கொண்டு நின்றார். தலையைக் குனியவில்லை.

அப்படியும் இரண்டு பேர் போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார்.

அந்த வருடம் பரிவட்டம் வேறொருவருக்கு. பிள்ளைகள் "பொய்ப் பட்டாளம்" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். கொஞ்ச நாளில் ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் புல்வெட்டப் போய்விட்டார்.

நாங்கள் பதுளைக்கு வந்த பிறகு ஒருமுறை சந்தையில் பார்த்தேன். மீசையை எடுத்திருந்தார், எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. இடுப்பில் இருந்த என் மகள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"ஏன் மாமா... வேற ஏதாச்சும் சொல்லித் தடுத்திருக்கலாமே? உங்க மானத்தையே குடுத்துட்டீங்களே" என்று கேட்டேன்.

சிரித்தார். "விடிய விடிய வேற பொய்தான் தேடுனேன் தாயி. ஒண்ணும் கிடைக்கல."

இதை எழுதி முடிப்பதற்குள் எங்கள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். சட்டையெல்லாம் மண். குளிக்கப் போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

பாடையை யார் தூக்கினார்கள் என்று கேட்டேன். அவருக்கு அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லையே...

"நாங்கதான்" என்றார். அன்றைக்குப் போகாமல் நின்றவர்களில் நான்கு பேர். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் அவரவர் இருக்கும் இடத்திலிருந்து வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

போயிட்டு வாங்க மாமா.