வெளிநாட்டுப் போதகரும் என் குரலும்

கல்வராயன் மலையில் ஒரு ஊர்க்கூட்டத்தின் நடுவே நான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடக்கும் காணொளி சங்கராபுரத்தில் பலருடைய கைபேசியில் இருக்கிறது. ஒருவன் என் விலாவில் உதைப்பதும் அதில் தெளிவாகத் தெரிகிறது. ஏன் விழுந்தேன் என்பது மட்டும் அதில் இல்லை. நான் மதம் மாறிவிட்டேன் என்று சிலரும், மலைச் சாராயத்தில் எனக்குப் பங்கு உண்டு என்று சிலரும் சொல்லித் திரிகிறார்கள். வருவாய்த் துறையில் தாசில்தாராக இருந்து, ஒரு கறையும் இல்லாமல் ஓய்வுபெற்றவன் நான். கடைத்தெருப் பேச்சுக்குப் பதில் சொல்வது என் வழக்கமன்று. எனினும் அந்தக் காணொளி தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் நடந்தவற்றை எழுதிவைப்பது அவசியமாகிவிட்டது.

வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில் தகரக் கூரை போட்ட சிறு கிறிஸ்தவ சபை ஒன்றை நடத்திவருகிறார் ஓர் ஊழியர். மலையிலேயே பிறந்தவர். சாதிச் சான்றிதழ் கேட்டு என் அலுவலகத்துக்கு நடையாக நடந்த காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். ஒரு நாள் காலையில் அவர் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"அமெரிக்காவுலருந்து ஒரு போதகர் வராருங்க அய்யா. அவர் பேசறத தமிழ்ல சொல்றதுக்கு ஏற்பாடு பண்ண ஆளு காய்ச்சல்ல படுத்துக்கினாரு. நீங்க மனசு வச்சா..."

நான் திருச்சியில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் பெற்றவன். ஆங்கிலத்துக்கு ஆள் இல்லை என்று ஒருவர் என் வாசலில் வந்து நிற்கும்போது மறுப்பது முறையாகத் தோன்றவில்லை. ஆயினும் எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக முருகன் கோயில் நிர்வாகத்தில் இருப்பது. ஆகவே நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"மொழிபெயர்ப்பேன். ஜெபிக்க மாட்டேன். கண்ணை மூடச் சொன்னாலும் மூட மாட்டேன்."

"தொறந்தே வச்சிக்குங்க அய்யா," என்றார் அவர் சிரித்தபடி. "எங்க சபையில ஒருத்தராவது முழிச்சிக்கினு இருந்தா நல்லதுதான்."

அந்தப் போதகர் ஆஜானுபாகுவானவர். வெயிலில் முகம் செம்பருத்தியாகச் சிவந்திருந்தது. கடல் கடந்து ஊழியத்துக்கு வருவது அவருக்கு அதுவே முதல் முறை. மலைப்பாதையின் வளைவுகளில் கார் திரும்பும்போதெல்லாம் இருக்கையை இறுகப் பற்றிக்கொண்டு, தன் தம்பியைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டே வந்தார். அந்தத் தம்பி குடித்தே செத்தவன். பனியில் விழுந்து கிடந்த பிணத்தை முதலில் கண்டவர் இவர்தான்.

கூட்டம் உச்சி வெயிலில் ஒரு பலாமரத்தடியில் நடந்தது. சபையைச் சேர்ந்தவர்களும் சேராதவர்களும் கூடியிருந்தார்கள். வெள்ளைக்காரரைப் பார்க்க வந்தவர்களே அதிகம். போதகர் தம்பியின் சாவைச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அப்போது ஒரு பெண் பார்வையிழந்த தன் கணவனைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவந்தாள்.

"இந்தாளு கண்ணு போனது இங்க காச்சுற சாராயத்தாலதான். கேளுங்க உங்க சாமிகிட்ட!"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் போதகர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். எங்கே காய்ச்சுகிறார்கள் என்று கேட்டார். ஊழியர் அழுதுகொண்டிருந்தார். அழுதபடியே வலக்கையைத் தூக்கி, மரவள்ளிக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஓடையைக் காட்டினார். வெல்லத்தையும் வேலம்பட்டையையும் ஊறவைத்த பேரல்கள் அங்கே இருந்தன. அவை அவருடைய சொந்த அண்ணனுக்கு உரியவை.

போதகர் கர்ஜித்தார். இன்றே போங்கள், ஒன்றையும் விடாதீர்கள், கவிழ்த்துவிடுங்கள் என்றார். அதை அப்படியே தமிழில் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மொழிபெயர்ப்பில் பிழை இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் என் குரலை அந்த மலை முன்பே கேட்டிருந்தது. பணியில் இருந்தபோது மதுவிலக்குக் காவலர்களுடன் அதே ஓடைக்கு நான் போயிருக்கிறேன். "ஒன்றையும் விடாதே, கவிழ்த்துவிடு" என்று அதே இடத்தில் நின்று ஆணையிட்டிருக்கிறேன். போதகருக்காக எழுந்து ஓடாத இளைஞர்கள் அந்தக் குரலுக்கு ஓடினார்கள். அவர்களைப் பொறுத்தவரை அரசாங்கமே வந்து சொல்லிவிட்டது.

சிறிது நேரத்தில் புளித்த நெடி காற்றில் ஏறியது. பேரல்கள் பாறையில் உருளும் ஓசை கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு மனிதனின் அலறல். அண்ணன் காட்டிலிருந்து உறவினர்களோடு வந்துவிட்டான்.

முதல் கல் போதகரின் நெற்றியில் பட்டது. அவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். இரத்தம் இரு கண்களிலும் வழிந்து பார்வையை மறைத்தது. ஒலிபெருக்கியைத் தூக்கிப் பாறையில் அடித்தார்கள். காரின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக நொறுங்கின. ஓடையிலிருந்து திரும்பிய இளைஞன் ஒருவனைத் தடியால் முழங்காலில் அடித்தார்கள். அவன் தவழ்ந்து போகும்போது முதுகிலும் அடித்தார்கள். பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பார்வையற்றவன் மட்டும் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே கைகளால் தலையை மூடிக்கொண்டு நின்றான்.

ஊழியர் ஓடவில்லை. அண்ணன் அவருடைய தலைமயிரைப் பற்றித் தரையோடு இழுத்துவந்து, மாட்டுக் கயிற்றால் பலாமரத்தோடு உட்காரவைத்துக் கட்டினான். வலக்கையை மட்டும் கட்டாமல் விட்டு, புடைத்த வேர் ஒன்றின்மேல் வைத்து மிதித்துக்கொண்டான். அவன் கையில் கொடுவாள் இருந்தது.

"இந்தக் கையிதானேடா காட்டுச்சு? கூடப் பொறந்த கையி? என் பொண்ணு நர்சு படிக்கிறது இந்தச் சாராயக் காசுலதானேடா! நீ சாமி கும்புடு, வேணான்னு சொன்னனா? என் அடுப்புல ஏண்டா தண்ணி ஊத்துன?"

"வெட்டுண்ணா," என்றார் ஊழியர். "வெட்டிட்டுக் காச்சுறத நிறுத்திடு."

அந்தப் பதில் அவனை மேலும் வெறியேற்றியது. ஊர்ப்பெரியவர் அதற்குள் வந்து சேர்ந்து, கூட்டம் கூடிப் பேசாமல் வெட்டக் கூடாது என்று தடுத்தார். அங்கேயே, அப்படியே, ஊர்க்கூட்டம் கூடியது. கை வேரின்மேல் இருக்கும்போதே நியாயம் பேசப்பட்டது.

போதகர் தடவித் தடவித் தவழ்ந்துவந்து தன் பெரிய வெள்ளைக் கையை அதே வேரின்மேல் வைத்தார். சொன்னவன் நான், என்னை வெட்டுங்கள் என்றார். மொழிபெயர்த்தேன்.

அண்ணன் அவர் கையைக் காலால் தள்ளிவிட்டான். "இந்த வெள்ளக்காரன் கத்துனது எனுக்கு இன்னா தெரியும்? கொக்கு கத்துன மாதிரி இருந்துச்சு. 'கவுத்துடு'ன்னது அதோ நிக்கிறானே, அவன். எங்கப்பன் பேரலக் கவுத்ததும் அதே கொரலுதான். இன்னா தாசில்தாரு, ரிட்டேர் ஆனப்புறமும் எங்க வவுத்துல அடிக்கத்தான் வந்தியா?"

ஊர்ப்பெரியவர் என் பக்கம் திரும்பினார். அவர் பேச்சில் மரியாதை குறையவில்லை.

"எங்க வழக்கம் இதுதாங்க அய்யா. கூட்டம் எந்தக் கொரலக் கேட்டுச்சோ அந்தக் கொரலுக்காரருதான் நஷ்டப்பட்டவன் முன்னால வுழணும். வெள்ளக்காரருக்கு எங்க பாஷை தெரியாது. அவருக்கு இங்க குத்தமும் இல்ல, மன்னிப்பும் இல்ல. நீங்க வுழுந்து, அவன் கையக் குடுத்துத் தூக்கிட்டா இத்தோட போச்சு. அதுக்கப்புறம் யாரும் இதுக்காகக் கை நீட்ட மாட்டாங்க. வுழலன்னா அவன் தம்பிய அவன் பார்த்துக்குவான்."

நான் யார் முன்னும் விழுந்தவனல்லன். என் திருமணத்தில்கூடப் பெற்றோரைத் தவிர வேறு எவர் காலையும் தொட்டதில்லை. "பெரியவரே, நான் வெறும் மொழிபெயர்ப்பாளன்" என்று தொடங்கினேன்.

கொடுவாளின் முதுகு ஊழியரின் சுண்டுவிரலில் இறங்கியது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிவதுபோன்ற ஓசை. ஊழியர் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்தார், அவ்வளவுதான்.

"சட்டப்படி பார்த்தால்..." என்றேன்.

அடுத்த விரல்.

"பேசு, பேசு," என்றான் அண்ணன். "நீ பேசி முடிக்கறதுக்குள்ள வெரலு தீந்துடும்." சொல்லிவிட்டுக் கொடுவாளைத் திருப்பிப் பிடித்தான். கூர்ப்பக்கம் இப்போது மணிக்கட்டின்மேல் இருந்தது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தேன். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன். பிறகு முழுதாக, நெஞ்சும் நெற்றியும் மண்ணில் பட, அவன் முன் விழுந்தேன். காணொளி தொடங்குவது இந்த இடத்தில்தான்.

நஷ்டப்பட்டவன் தூக்கும்வரை விழுந்தவனை என்ன செய்தாலும் எவரும் தடுக்கக் கூடாது என்பதும் அவர்களுடைய வழக்கம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அவன் விலாவில் உதைத்தான். மறுபக்கம் வந்து இன்னொரு முறை உதைத்தான். உள்ளே ஏதோ விலகியது. பிடரியில் எச்சில் விழுந்தது. பிறகு கழுத்தில் கால் வைத்து அழுத்தினான். வாய்க்குள் மண் ஏறியது. அவன் குதிகாலில் ஊறலின் நெடி அடித்தது. நான் முனகவில்லை. ஒலிப்பதிவைக் கூர்ந்து கேட்பவர்களுக்கு இது தெரியும்.

அவன் அப்பனுக்காகவும் சேர்த்து உதைத்தான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

பிறகு கொடுவாள் தரையில் விழும் ஓசை கேட்டது. ஒரு கை என் தோளைப் பற்றியது. தூக்கி நிறுத்தியபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. காணொளி அத்துடன் முடிகிறது. அதற்குப் பின் அவனே தம்பியின் கட்டை அவிழ்த்தான். ஊழியர் திமிறியதில் முடிச்சுகள் இறுகியிருந்தன. ஆகவே மண்டியிட்டு, பல்லால் கடித்துக் கடித்து அவிழ்த்தான். அதை எவரும் படம் பிடிக்கவில்லை.

கண்ணாடி இல்லாத காரில் மலையிறங்கினோம். போதகரின் தலையில் என் மேல்துண்டு. ஊழியரின் கை அவர் மடியில் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது. காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றேன்.

"வேணாங்க அய்யா. அவன் உள்ள போனா அந்தப் பொண்ணு படிப்பு போயிடும். நீங்க வுழுந்துட்டீங்க, அவன் தூக்கிட்டான். முடிஞ்சுது."

கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் மரம் வெட்டும்போது அடிபட்டதென்று அவர் சொன்னார். என்னை எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

போதகரை விமானத்துக்கு அனுப்பும் வழியில் உளுந்தூர்பேட்டையில் தேநீருக்கு இறங்கினோம். லாரிகளின் இரைச்சலுக்கிடையே, தன் சொல்லுக்கு நான் ஏன் அடி வாங்க வேண்டும் என்று கேட்டார். அவர்கள் காதில் விழுந்தது என் குரல்தான் என்றேன். குவளையைக் கீழே வைத்துவிட்டு எனக்காக ஜெபிக்கலாமா என்றார். செய்யுங்கள் என்றேன். அவர் கண்ணை மூடினார். நான் மூடவில்லை.

அறுவடை முடிந்த சமயம் என் மைத்துனர் களமருதூரிலிருந்து வந்திருந்தார். காணொளியைப் பார்த்துவிட்டு வந்தவர்.

"இன்னா மச்சான், மலைக்காரன் காலு மெத்துனு இருந்துச்சா? கோயில்ல முருகன் முன்னாலயே நின்னுக்கினு கும்புடுற ஆளாச்சே நீங்க!"

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் இரு சக்கர வண்டி ஒன்று வந்து நின்றது. ஊழியர் ஒரு பலாப்பழத்தை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வலக்கையின் இரண்டு விரல்கள் மடங்காமல் பழத்தைவிட்டு விலகி நின்றன.

"அந்த மரத்துப் பழங்க அய்யா. அண்ணந்தான் ஏறிப் பறிச்சான். வெளிய வண்டியில குந்திக்கினு இருக்கான்."

"உள்ளே வரச் சொல்லும்."

"வர மாட்டான் அய்யா. வெக்கம்னு நெனைக்காதீங்க. உங்க மேல இன்னும் கோவந்தான். ஆனா காச்சுறதில்ல, மரவள்ளி போட்டிருக்கான்."

மைத்துனர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் அவர் மலைக்காரன் காலைப் பற்றிக் கேட்கவில்லை. ஊழியர் பழத்தை நீட்டினார். குனிந்து வாங்கும்போது விலா வலித்தது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் வாங்கி வைத்தேன்.