களியைக் கழுவிய டொக்டர்

அவருடைய மஞ்சள் தலைக்கவசத்தில் ஒரு கீறல்கூட இருந்ததில்லை. பீல் நகருக்கு வடக்கே, ஜூரா மலைக்காட்டில், பனி கரைந்ததிலிருந்து இலை உதிரும்வரை நாங்கள் நிலத்தைத் துளையிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் கவசங்களில் சேறும் மரப்பிசினும் ஏறி அடிப்பிடித்த சட்டிகளைப் போலாகிவிட்டன. அவருடையது மட்டும் காரின் பின் இருக்கையில் பளபளவென்று வீற்றிருந்தது. கமரா வந்தால்தான் அது தலைக்கு ஏறும்.

எல்லோருக்கும் அவர் டொக்டர். நோய் பார்ப்பவரல்லர், பாறைகளைப் பற்றி ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கிய தமிழர், எங்கள் அலுவலகத்தின் திட்டப் பொறுப்பாளர். நானும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அதே பாடத்தைப் படித்தவன்தான். இங்கே தொழில்நுட்ப உதவியாளனாகச் சேர்ந்து அப்படியே ஓய்வு பெற்றேன். வேலையின் விதிமுறைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவருக்கு அவற்றின் தலைப்புகள் தெரியும்.

மலைச்சரிவு நகர்கிறதா என்று கன்டோன் எனப்படும் மாநில நிர்வாகம் அறிய விரும்பியது. கீழே பஸ் போகும் தெரு இருந்தது. சரிவு நகர்வதாக இருந்தால், ஆழத்தில் எங்கோ வழுக்கும் களிமண் ஒரு படையாகப் படிந்திருக்கவேண்டும். துளையிலிருந்து மண்ணையும் பாறையையும் உருளை உருளையாக எடுத்து மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கி அந்தப் படையைத் தேடுவதுதான் வேலை. துளைப்பொறியை இயக்கியவர் மட்டக்களப்பு அண்ணை ஒருவர். அவருக்கு இருந்தது தற்காலிக வதிவிட அனுமதி. வேலை நிலைத்தால்தான் ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிடலாம். அதனாலேயோ என்னவோ, மழை, குளவி, டொக்டர் ஆகிய மூன்றையும் அவர் ஒரே பொறுமையோடு தாங்கினார்.

ஒரு வெள்ளிக்கிழமை களி கிடைத்தது. ஈரச் சவர்க்காரம்போல், சாம்பல் நிறத்தில். நான் அளக்க இருந்த நேரத்தில் டொக்டர் வந்து இறங்கினார். பத்திரிகைக்குப் படம் எடுக்க ஆள் வருகிறாராம். கவசத்தை மாட்டினார், பொறியைக் கழுவும் தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்தார்.

"டொக்டர், முதல்ல பதியவேணும், பிறகுதான் துப்பரவாக்கிறது. களிக்குத் தண்ணி காட்டக்கூடாது."

"நீர் உம்மட விதிமுறையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நில்லும். இந்த ஊத்தையை ஆர் பேப்பரில போடுவான்?"

பீய்ச்சியடித்தார். சுண்ணாம்புக்கல் வெள்ளைவெளேரென்று மின்னியது. களி கரைந்து, பெட்டியின் இடுக்கால் வழிந்து, பன்னச் செடிகளுக்குள் போய்விட்டது. படம் அழகாக வந்தது என்பதை நான் மறுக்கமாட்டேன்.

அடுத்த வாரம் ஆய்வுகூடம் களி மாதிரியைக் கேட்டது. பெட்டியில் இருந்தது வெறும் இடைவெளி. துளையிட்டவரின் கவனக்குறைவால் மாதிரி இழக்கப்பட்டது என்று டொக்டர் அறிக்கை கொடுத்தார். துளையிடும் நிறுவனத்தின் முதலாளி காட்டுக்கே வந்துவிட்டார், அண்ணையை வேலையிலிருந்து நிறுத்துவதற்கு.

அண்ணை பொறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வேலை போனா விண்ணப்பமும் போயிரும். மறுகா அவ அங்கதான், நான் இங்கதான்" என்றார், என்னைப் பாராமலே.

டொக்டர் தண்ணீர் பீய்ச்சியதில் களி கழுவப்பட்டுப் போனது என்று நான் முதலாளியிடம் ஜெர்மன் மொழியில் சொன்னேன். டொக்டர் சிரித்தார். தண்ணீரில் பாறை கரையுமா என்று கேட்டார். பாறையில் பட்டம் பெற்றவர் கேட்ட கேள்வி அது. முதலாளி பட்டத்தைத்தான் நம்பினார். வேறு வழியில்லாமல், ஒரு மீட்டர் தள்ளி இதே ஆள், இதே பொறியால் இன்னொரு துளை போடட்டும், களி முழுசாக வராவிட்டால் அவரை அனுப்பிவிடுங்கள் என்றேன். டொக்டர் உடனே சம்மதித்தார். நான் சொல்லியும், தான் கழுவியது களி என்பதே அந்த மனிதருக்கு உறைக்கவில்லை.

மறுநாள் மாலை குழல் மேலே வந்தது. திறந்தபோது நடுவில் களி, உடையாமல், முழுசாக. முதலாளி அண்ணையின் தோளில் தட்டினார். டொக்டர் குனிந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் நினைச்சனான்" என்றார். பிறகு பழக்கதோஷத்தில் தண்ணீர்க் குழாயைத் தேடினார். அண்ணை அதன்மேல் ஏறி நின்றுகொண்டார்.

வேலை நிலைத்தது, அனுமதி கிடைத்தது, மனைவி வந்து சேர்ந்தார். டொக்டரும் இப்போது ஓய்வு பெற்றுச் சோலோதுர்னில் இருக்கிறார். முழங்காலில் சத்திரசிகிச்சை. அவரைப் பீலில் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவது அண்ணைதான். எனக்கு இந்தப் பெருந்தன்மை விளங்குவதில்லை, விளங்கிக்கொள்ளும் ஆசையும் இல்லை. போன மாதம் ஒருநாள், பீலில் இறங்கவேண்டியிருந்ததால், நானும் அதே காரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன், அண்ணையின் மனைவிக்குப் பக்கத்தில்.

முன் இருக்கையில் டொக்டர் அந்தக் காட்டின் கதையைத் தொடங்கினார். கதையில் மழை கூடியிருந்தது, சரிவு செங்குத்தாகியிருந்தது. "ரெண்டாவது துளை போடச் சொன்னது நான்தான். இல்லாட்டி இவற்ற வேலை அண்டைக்கே போயிருக்கும். தங்கச்சி இண்டைக்கு இந்தக் காரில இருக்கமாட்டா."

"ஓம் டொக்டர்" என்றார் அண்ணை, தெருவைப் பார்த்தபடி.

மனைவி மடியிலிருந்த பையை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்ப முதலாவது துளையில வந்த களியைக் கழுவி ஊத்தினது ஆரு, டொக்டர்?"

ஆஸ்பத்திரி வரும்வரை டொக்டர் தன் முழங்காலையே தடவிக்கொண்டிருந்தார்.