புதுசும் ஆவாது, பழசும் ஆவாது

எங்கள் வீட்டு ஏசியைப் பார்க்க வரும் மெக்கானிக் பீங்கான் கம்பெனியிலும் மெஷின் பார்ப்பவர். அவர் சட்டையில் எப்போதும் அந்தத் தூசி வெள்ளையாக ஒட்டியிருக்கும். மெஷினைத் திறக்குமுன் அதன் காற்றில் உள்ளங்கையைக் காட்டுவார், தீபாராதனையைத் தொட்டு ஒற்றிக்கொள்வது போல.

அக்கினி நட்சத்திரத்தில் ஒருநாள் அப்படிக் காட்டிவிட்டு, "இதோட ஆயுசு முடிஞ்சிடுச்சுங்கம்மா. இனிமே ரிப்பேரு பண்றது வீண். மாத்திடுங்க" என்றார்.

மாமனார் வாதத்தில் படுத்த படுக்கை. வியர்வையில் முதுகுப் புண் ஆறவில்லை. அறை குளிர்ச்சியாக இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் மாமியார் தை மாதம்தான் தவறியிருந்தார்.

"வருஷம் திரும்பற வரைக்கும் புதுசா எதுவும் வூட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார் என் கணவர்.

"பழசு வரலாமில்லீங்க?" என்ற மெக்கானிக், மறுநாளே ஆட்டோவில் ஒரு பழைய ஏசியோடு வந்து நின்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"யாரு வூட்டுதுங்க?" என்று கணவர் கேட்டார்.

"எங்க வூட்டுதுதாங்க. எங்கம்மாவுக்குப் போட்டது. போன மாசம் போய்ச் சேந்துட்டாங்க."

"செத்தவங்க ரூமுல இருந்ததா? வேணாங்க, எடுத்துட்டுப் போயிடுங்க."

"புதுசும் ஆவாது, பழசும் ஆவாது. பெரியவருக்கு விசிறிதானா சார்?" என்று சிரித்தபடி மெஷினைத் திரும்ப ஏற்றினார். மாமனார் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார்.

பழைய சாமான் கடையில் வாங்கினேன் என்று அந்த மெக்கானிக் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். புண்ணைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல்தான் கோபம் வருகிறது. உண்மை சொன்னவரைக் கோபிப்பது பாவம் என்று தெரியும். துக்கம் கழியாததால் பழமலைநாதரைக் கோபுர வாசலில் நின்றே கும்பிடுகிறேன். அங்கே நின்றும் அந்தக் கோபம் போகவில்லை.