துரையின் கதிரையில் என் மனிசன்

என் கணவர் அறிவிப்புப் பலகைகளை வாசிக்காதவர் என்று யாரும் சொல்ல முடியாது. வாசிப்பார். செய்யக் கூடாததைச் செய்து முடித்த பிறகு ஆறுதலாக நின்று வாசிப்பார்.

வாவிக் கரையோரம் வெள்ளைக்காரன் காலத்துத் தென்னந்தோட்டம் ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் துரை குடியிருந்த பங்களா. பல காலம் வௌவால்கள் குடியிருந்தன. இப்போது அவற்றை எழுப்பிவிட்டு, வெள்ளையடித்து, ஆட்கள் வந்து பார்க்கத் திறந்திருக்கிறார்கள். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, களுதாவளையில் பிள்ளையொன்று பெரியவளான சாமத்தியச் சடங்கில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் தன்னாமுனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். செட்டிபாளையம் தாண்டியதும் அந்தப் பங்களாவின் பலகையைக் கண்டு அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"ஒருக்காப் பாத்திட்டுப் போவம். நல்ல நிழலா இரிக்கி" என்றார். வரலாற்றில் அவருக்கு இருந்த அக்கறை அவ்வளவுதான்.

வாசலில் கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளம் பொறுப்பாளர் எங்களை நிறுத்தி விதிகளைச் சொன்னார். சப்பாத்தைக் கழற்ற வேண்டும். சுவரில் சாயக் கூடாது. பொருள் எதையும் தொடக் கூடாது. உள்ளே உரத்துக் கதைக்கக் கூடாது.

"ஏன் தம்பி, துரை நித்திரையா?" என்று கேட்டார் என் கணவர்.

பொறுப்பாளர் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குக் கொழும்பிலிருந்து இன்னும் அனுமதி வரவில்லை போலும்.

சுற்றிக் காட்ட வந்தது பச்சைச் சேலைச் சீருடையில் ஒரு பிள்ளை; முப்பது வயது இருக்கும். பேச்சுப் போட்டிக்கு மனனம் செய்தவள் மாதிரி மூச்சு விடாமல் ஒப்புவித்தாள். "துரை அவர்கள் இந்த மேசையில்தான் உணவருந்துவார்கள். துரை அவர்கள் இந்த யன்னலருகில்தான் நூல்களை வாசிப்பார்கள்." சுவரில் ஒரு படம். அதில் துரை துப்பாக்கியோடு, செத்த சிறுத்தைக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரில் சிறுத்தையின் முகத்தில்தான் கொஞ்சம் யோசனை தெரிந்தது.

"துரை அவர்கள் ஒண்டுக்கு எங்க தங்கச்சி போறவர்?" என்றார் இவர்.

அவள் அதே குரலில் சொன்னாள்: "அது எங்களுக்குச் சொல்லித் தரல்ல, சேர்."

பிறகு வாவியைப் பார்த்த விறாந்தைக்குக் கூட்டிப் போனாள். அங்கே, சுற்றிவரக் கயிறு கட்டி, பிரம்பு பின்னிய ஒரு சாய்மனைக் கதிரை. கால்களைத் தூக்கி வைக்கத் தோதாக நீண்ட கைகள் அதற்கு. துரை அவர்கள் காலையில் இதில் கால் நீட்டிச் சாய்ந்திருப்பார்களாம். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் கீழே மணலில் வரிசையாக நின்று அன்றைய வேலையைக் கேட்டுப் போவார்களாம். சொல்லிவிட்டு, அடுத்த அறையைத் திறந்துவிட்டு வருவதாக உள்ளே போனாள்.

நான் வாவியைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது என் கணவர் கயிற்றைத் தாண்டி, கதிரையில் சாய்ந்து, இரண்டு காலையும் அதன் நீண்ட கைகளில் தூக்கி வைத்திருந்தார்.

"ஒழும்புங்க! ஆராவது பாத்தா?"

"கொஞ்சம் பொறு. துரைட சுகம் என்ன மாதிரியெண்டு பாப்பம்."

சர்ரென்று ஒரு சத்தம். துரையின் சுகம் கிழிந்தது. அவருடைய பின்புறம் கதிரையின் ஊடாக இறங்கி, நிலத்துக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது. முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில். அசைய அசைய இன்னும் இறுகியது. நான் கையைப் பிடித்து இழுத்தேன். கதிரையும் சேர்ந்து வந்தது.

திரும்பி வந்த பிள்ளைக்கு முதலில் வாயில் வந்தது மனனம் செய்ததுதான். "சேர், தொடக் கூடாது."

"நான் தொடல்ல தங்கச்சி. அதுதான் என்னைப் புடிச்சி வெச்சிரிக்கி."

பொறுப்பாளர் ஓடி வந்தார். வந்ததும் குனிந்து தடவிப் பார்த்தது கதிரையை. "காயமா?" என்று அவர் கேட்டதும் கதிரையைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். பிறகு தலைமை அலுவலகத்துக்கு அழைக்க, தொலைபேசிச் சிக்னல் தேடித் தென்னை மரங்களுக்குள் நடந்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, என் கணவரை நாலு பக்கத்தாலும் படம் எடுத்தார்.

"கொழும்பில இருந்து ஆள் வந்து பாக்குமட்டும் பிரம்பில கத்தி வைக்கக் கூடாதாம், சேர்."

"அப்ப எனக்கு வைக்கலாமா?"

அவர் மறுபடியும் மரங்களுக்குள் போனார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் விறாந்தைப் படியில் குந்தினேன். அந்தப் பிள்ளையும் வந்து பக்கத்தில் குந்தினாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவினேன். பார்த்தால், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"குறை நினைக்காதிங்க அக்கா. எங்கட ஊட்டுக்குள்ள சொல்ற கதையொண்டு ஞாபகம் வந்திட்டு."

"சொல்லு பிள்ள. நான் எங்க போகப் போறன்?" என்றார் கதிரைக்குள் இருந்தவர்.

அவள் மரங்களுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். மனனம் செய்த குரல் எங்கேயோ போய்விட்டது. "எங்கட அம்மாட அப்பப்பா இந்தத் தோட்டத்திலதான் தேங்காய் புடுங்கினவர். துரை ஒருநாள் வாத்துச் சுட வாவிக்குள்ள போனாராம். தோணி தள்ளினது இவர். வெடி வெச்ச வேகத்தில துரை பின்னால உழுந்து, இடுப்புமட்டும் சேத்துக்குள்ள புதைஞ்சிட்டாராம். கையக் குடுத்தாத்தானே தூக்கலாம்? ஆனா துரைட சட்டம், கூலிக்காரன் துரையத் தொடக் கூடாது. இவர் தோணியில இருந்துகொண்டு, 'தொரே, தொடலாமா? தொரே, தொடலாமா?' எண்டு கேட்டாராம். துரைக்குத் தமிழ் தெரியாது. அவர் கத்தின இங்கிலீசு இவருக்கு விளங்கல்லையாம். பொழுது சாயுமட்டும் கேட்டுக்கிட்டே இரிந்தாராம்."

கதிரையில் இருந்தவர் சிரித்த சிரிப்பில் இன்னும் இரண்டு விரல் கீழே இறங்கினார்.

"உண்மையா பிள்ள?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும் அக்கா? எங்கட ஊட்ட எல்லாரும் பொய் சொல்ற ஆக்கள்."

அந்த நேரம் பார்த்துக் காத்தான்குடியிலிருந்து ஒரு குடும்பம் பங்களா பார்க்க வந்தது. எங்கள் பக்கம் காக்கா என்று சொல்லும் முஸ்லிம் பெரியவர் ஒருவர், வெள்ளைத் தாடியோடு; மனைவி, இரண்டு பெரிய மகள்மார். பொறுப்பாளர் ஓடி வந்து முன்னால் நின்று மறைக்கப் பார்த்தார். என் கணவரை மறைப்பதற்கு அவரைப் போல இரண்டு பேர் வேண்டும்.

"இவர் ஆரு தம்பி?" என்றார் காக்கா.

"திருத்த வேலை நடக்குது" என்றார் பொறுப்பாளர்.

மகள்மார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காக்காவின் மனைவி எனக்கு ஒரு போத்தல் தண்ணீர் தந்தார். காக்கா கதிரைக்கு அடியில் குனிந்து பார்த்தார். தளபாடக் கடை வைத்திருக்கிறவராம். நிமிர்ந்தபோது அவருடைய தாடி ஆடியது.

"இது பிரம்பில்ல தம்பி. பிளாஸ்டிக்கு. என்ட கடையிலயும் இரிக்கி."

எல்லாரும் வழிகாட்டிப் பிள்ளையைப் பார்த்தோம். அவள் நிலத்தைப் பார்த்தாள். "துரைட கதிரையக் கறையான் திண்டிட்டு. இது போன வருசம் வேற எங்கயோ இரிந்து கொண்டந்தது."

பொறுப்பாளர் அவளை முறைக்கத் தொடங்கி, பாதியில் களைத்துப்போய்க் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். குசினிக்குப் போய்த் தானே கத்தியை எடுத்து வந்தார். காக்கா அடியில் படுத்து அறுக்க, பொறுப்பாளர் என் கணவரின் கக்கத்தில் கை கொடுத்துத் தாங்கினார். கடைசி இழை அறுந்ததும் சடங்குச் சாப்பாட்டின் முழுப் பாரமும் பொறுப்பாளர் மேல் சாய்ந்தது. இரண்டு பேரும் விறாந்தையில் மல்லாந்து விழுந்தார்கள். இவர் மேலே, அவர் கீழே.

கீழே இருந்துதான் முதல் சிரிப்பு வந்தது. அந்த மனிசனுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இருமி, கண்ணைத் துடைத்து, மறுபடியும் சிரித்தார். எழும்பியதும் எல்லாருக்கும் இளநீர் வெட்டச் சொன்னார்.

"கொழும்புக்கு என்னத்தச் சொல்றதெண்டுதான் தெரியல்ல" என்றார், குடித்துக்கொண்டே.

"துரை ஒழும்பிப் போயிட்டார் எண்டு சொல்லுங்க" என்றார் என் கணவர்.

மோட்டார் சைக்கிளில் உட்காரும் நிலையில் அவர் இல்லை. அதைப் பங்களாவிலேயே விட்டுவிட்டு, காக்காவின் வான் வண்டியில் பின் ஆசனத்தில் குப்புறப் படுத்தபடி வீடு வந்து சேர்ந்தார். வழி முழுக்க நித்திரை. இரண்டு கிழமை நின்றபடிதான் சோறு தின்றார்.

சில மாதங்களுக்குப் பிறகு கல்லடிச் சந்தையில் அந்தப் பிள்ளையைக் கண்டேன். இறால் விலை கேட்டுக்கொண்டு நின்றாள். வேலை போய்விட்டதோ என்று பயந்து விசாரித்தேன்.

"போகல்ல அக்கா. சேத்துக் கதையத் தமிழ் ஆக்களுக்கு மட்டும் சொல்லலாமெண்டு பொறுப்பாளர் விட்டுட்டார். நான் வெள்ளைக்காரருக்கும் சொல்றன். அவங்கதான் கூடச் சிரிக்கிறாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தரம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போச்சி. இப்ப துரைட மச்சினனையும் சேத்துக்குள்ள விழுத்திட்டன்."

"துரைக்கு மச்சினன் இரிந்தவரா?"

"இரிந்திரிக்காமலா?" என்றாள், இறாலைப் பையில் போட்டபடி.