மஞ்சள் பூசிய கிடா

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு திண்டிவனம் நோக்கி நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். தார் சுட்டது. எதிரே பண்ணைக்காரரின் மினி லாரி வந்தது. என்னைக் கண்டதும் வேகம் குறைந்தது.

"நன்றி கெட்ட நாயே! என் பண்ணைப் பக்கம் உன்னக் கண்டேன், கால ஒடிச்சிடுவேன்!"

காலையில் நான் ஏற்றிவிட்ட செவலைக் கிடா பின்னால் நின்றுகொண்டிருந்தது. அதன் வாயில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

அந்தப் பண்ணையில் எட்டு மாதம் இருந்தேன். அதற்கு முன் எங்கேயும் இரண்டு மாதம் தாண்டியதில்லை. செங்கல் சூளை, லாரி கிளீனர், வானூர் பக்கம் கட்டட வேலை என்று சுற்றியவன் நான். இங்கே ஆட்டுக் கொட்டகையை ஒட்டி எனக்கு ஓர் அறை கிடைத்தது. உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ளலாம். நாற்பது வயதில் எனக்கென்று கிடைத்த முதல் தாழ்ப்பாள். அது போய்விடக் கூடாது என்றுதான் அந்த ஆளின் வாய்க்கு எட்டு மாதம் பயந்து கிடந்தேன்.

விடிகாலை ஐந்து மணிக்குக் கொட்டகையில் ஜெபம். ஆறாவது வரை படித்திருந்ததால் வேதம் வாசிப்பது என் பொறுப்பு. திக்கினால் தலையில் தட்டுவார். பிறகு சாணி அள்ள வேண்டும், பால் கறக்க வேண்டும், ஆடுகளுக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொடியை உதறிப் போட வேண்டும். ஜெபத்தில் எங்களைச் சகோதரர் என்பார். ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் நாயே என்பார். நானும் விசுவாசிதான். ஆனால் அவர் ஜெபிக்கும்போது என் கண்ணை மூட முடிந்ததில்லை.

கோடையில் அவருடைய நல்ல கறவை மாடு ஒன்று கன்று போட முடியாமல் விழுந்து கிடந்தது. மாட்டு டாக்டர் வரவில்லை. நான் தோள் வரை கையை உள்ளே விட்டு, கன்றின் மடங்கிய காலை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். பண்ணைக்காரர் சாணியில் முழங்கால் போட்டார். மாடு பிழைத்தால் பெரிய கருங்கிடாவை அறுப்பின் பண்டிகைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று அழுதார். மாடும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. அந்தப் பொருத்தனையைக் கேட்டவர்கள் ஆண்டவரும் நானும்தான்.

அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் பூசணி, கோழி, ஆடு என்று தங்களிடம் இருப்பதில் நல்லதைக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் நடக்கும். பண்டிகைக்கு முந்தின நாள் ஒரு வியாபாரி வந்து கருங்கிடாவை விலைக்கு வாங்கி ஏற்றிக்கொண்டு போனான்.

"அந்தச் செவலைய நாளைக்கு இட்டுக்கினு வா," என்றார் பண்ணைக்காரர்.

"ஐயா, அதுக்கு வாய்ப்புண்ணுங்க. மத்த ஆட்டுக்கும் ஒட்டிக்கும்."

"தொடச்சி நிறுத்துடா. வாயத் தொறந்து பாத்துக்கினா ஏலம் எடுக்கப் போறானுங்க? என் மனசு ஆண்டவருக்குத் தெரியும்."

பழுதில்லாத பலியைப் பற்றிய பகுதியைத்தான் அன்று காலை வாசித்திருந்தேன். திக்கியதற்குத் தலையில் வாங்கியும் இருந்தேன். அந்தக் கிடாவுக்குப் பத்து நாளாக மருந்து போட்டதில் என் கட்டை விரலிலும் புண் வந்திருந்தது.

ஞாயிறு காலை கறவை முடிந்ததும் கிடாவின் வாயில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினேன். ஒரு நாள் விட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். கை பழக்கத்தில் செய்துவிட்டது. மஞ்சளே புண்ணைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று லாரியில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. துண்டால் துடைத்தேன். மஞ்சள் போகவில்லை, தாடி வரை பரவியது.

"இன்னாபா, ஆட்டுக்கு நலங்கு வெச்சி இட்டாந்துக்கிறியே, பொண்ணு எங்க?" என்றார் ஏலம் விடுபவர். வாசலே சிரித்தது. பண்ணைக்காரரும் என்னை முறைத்துக்கொண்டே சிரித்தார்.

ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. திருவக்கரை ரோட்டில் அவருக்கு மல்லாட்டைக் கொல்லை. பிடுங்க ஆளில்லாமல் காய் மண்ணுக்குள்ளேயே முளைக்கிறது என்று காலையிலிருந்து எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தவர். நேராக வந்து கிடாவின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தார்.

"எத்தினி நாளா இது?" என்று என்னைக் கேட்டார்.

பண்ணைக்காரர் முந்திக்கொண்டார். "நேத்து முள்ளு குத்திக்கிச்சிமா. டேய், சொல்லேன்டா."

தாழ்ப்பாள் ஞாபகம் வந்தது. பக்கத்தில் கட்டியிருந்த ஆடுகள் கழுத்தை நீட்டிக் கிடாவின் வாயை முகர்ந்துகொண்டிருந்தன.

"பத்து நாளாங்க. வாய்ப்புண்ணு. மத்த ஆட்டயெல்லாம் தள்ளிக் கட்டுங்க," என்றேன். "நேந்துக்கினது இது இல்லீங்க. கருங்கிடா."

கோயில் வாசல் என்றும் பார்க்காமல் பண்ணைக்காரர் என்னை அறைந்தார். காது அடைத்தது. போதகர் ஓடி வந்து, பண்டிகை நாளில் கலகம் வேண்டாம், கிளம்பு என்றார். அறைந்தவரிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். சபையார் அவரவர் ஆட்டை மட்டும் அவசரமாக அவிழ்த்துத் தள்ளிக் கட்டினார்கள்.

பண்ணைக்கு நடந்து போய்ப் பையை எடுத்தேன். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்தேன். பிறகு திறந்துகொண்டு நடந்தேன்.

இரவைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கழித்துவிட்டு, காலையில் முதல் பஸ் பிடித்து அந்த அம்மாவின் கொல்லைக்குப் போனேன்.

"நீயா? என் ஆடும் அங்கதான் கட்டியிருந்துச்சி. அதுக்கு எதுனா வந்துச்சி, உன்னச் சும்மா வுட மாட்டேன்."

"பிடுங்க ஆள் வேணும்னீங்களே."

"கையக் காட்டு."

காட்டினேன். கட்டை விரலைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"ஆட்டுக் கொட்டாப் பக்கம் கால வெக்காத. சொம்பத் தொடாத, தண்ணி நானே ஊத்தறேன். அந்தக் கோடி வரிசையில எறங்கு. ஜல்தியா."

துண்டின் ஓரத்தைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டு கோடி வரிசையில் இறங்கினேன். முதல் செடியைப் பிடித்து இழுத்தேன். மண்ணோடு வந்தது. காயில் பாதி முளைத்திருந்தது.