உள்ளுக்கை நிண்டனாங்கள்

பாரிஸின் ரூ பெர்தொனே தெருவில் தமிழ்க் கடைகளின் ஷட்டர் பகலில் பாதி இறங்கினால் ஒன்று கடும் மழை, இல்லையென்றால் வாள்வெட்டு. அன்றைக்கு மழை இல்லை.

சேலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளி அண்ணை எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் சேலை மடிப்பதல்ல, ஷட்டர் இறக்குவது. முழுதாக இறக்கினால் உள்ளே இருக்கும் சனம் பயந்துவிடும். இறக்காமல் விட்டால் வியாபாரம் தெருவுக்கு வந்துவிடும். இடுப்பளவுக்கு இறக்க வேண்டும். அப்போது வெளியே நடப்பவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். பிறகு பொலிஸ் வந்து கேட்டால், முகம் காணவில்லை என்று சொல்வது பொய்யாகாது. அண்ணை சாமி கும்பிடுகிறவர். பொய் சொல்லப் பிடிக்காது.

ஆனால் அன்றைக்கு நான் வெளியே நின்றேன். கடை வாசலில் காஞ்சிபுரம் உடுத்தி நிற்கும் பொம்மைக்குக் கொய்யக மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவர் சிகரெட் பிடிக்க வெளியே வந்து நின்றார். மட்டக்களப்புப் பக்கத்து மனிதர், அதிகம் பேசமாட்டார். காரிலிருந்து வாளோடு இரண்டு பேர் இறங்கினார்கள். அவர் கையை உயர்த்தித் தடுத்ததால் தலை தப்பியது, வெட்டு கையில் விழுந்தது. ஓடும்போது ஒருவன் முகத்தில் கட்டியிருந்த துணியை இழுத்துவிட்டு மூச்சு வாங்கினான். எனக்கு அவனைத் தெரியும். தமக்கையின் கூறைச் சேலைக்கு எங்கள் கடைக்குத் தாயோடு வந்தவன். தாய் பேரம் பேசி முடியும்வரைக்கும் பொறுமையாகக் கதிரையில் இருந்து கோப்பி குடித்தவன்.

பொலிஸ் வந்தது. அதற்குள் அண்ணை எங்கள் எல்லோருக்கும் ஒருமுறை சொல்லிவிட்டார்.

"நாங்கள் உள்ளுக்கை நிண்டனாங்கள். ஒருத்தரும் ஒண்டும் காணேல்லை. விளங்கினதே?"

நகைக் கடையும் உள்ளே நின்றது. போன் கடையும் உள்ளே நின்றது. நானும் உள்ளே நின்றதாகச் சொன்னேன். கடைசியில் அந்தத் தெருவில் அந்த நேரம் வெளியே நின்றவர்கள் வெட்டு வாங்கியவரும் என் பொம்மையும் மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

உண்மையில் உள்ளே இருந்தவர் ஒரே ஒருவர். கடையின் பின்பக்கத்தில் தையல் மெஷினில் இருக்கிற சேர்பியா அக்கா. சேலைக்கு ஃபோல்ஸ் அடிப்பது, பிளவுஸ் தைப்பது எல்லாம் அவர்தான். ஐம்பது வயதைத் தாண்டியவர். அவருடைய தமிழ் நாலு சொல்: ஓம், பொறுங்கோ, இறுக்கமோ, நாளைக்கு. ஒரு தையல்காரிக்கு அது போதும். என்னோடு பிரெஞ்சில் கதைப்பார். இரண்டு பேருடைய பிரெஞ்சும் நொண்டி என்பதால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது.

பொலிஸ் போனதும் அவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. என்ன சிரிப்பு என்று கேட்டேன். உங்கள் எல்லோரையும் எங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனால் நாளைக்கே மந்திரியாக்கிவிடுவார்கள் என்றார்.

அவருடைய நாட்டில் ஒரு ரயில் நிலையத்தின் கூரை விழுந்தது எனக்கும் தெரியும். திருத்தி, வர்ணம் பூசி, நாடா வெட்டித் திறந்த நிலையம். கீழே ரயிலுக்கு நின்றவர்கள் செத்துப்போனார்கள். உடனே மேலிடத்திலிருந்து விளக்கம் வந்தது: திருத்தியது நிலையத்தைத்தான், அந்தக் கூரையை நாங்கள் தொடவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நாங்கள் சொல்வோம். இவர்கள் முழுக் கூரையையே மறைக்கப் பார்த்தார்கள். நாடா வெட்டிய அன்றைக்குப் படத்துக்கு எங்கே நின்று சிரித்தார்கள் என்று கேட்டேன். அந்தக் கூரைக்குக் கீழேதான் என்றார் அக்கா.

அவருடைய மகள் அங்கே பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் படிக்கிறாள். ஒரு கூரை எப்படி விழாமல் நிற்கும் என்பதுதான் படிப்பு. அவளும் மற்ற மாணவர்களும் வகுப்பை விட்டுவிட்டுத் தெருச் சந்திகளில் வந்து நின்றார்கள். கோஷம் இல்லை. இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் என்று சேர்த்துக் கால் மணி நேரத்துக்கு மேல் மௌனம். இறந்தவர்களுக்கு எங்களுடைய அகவணக்கம் ஒரு நிமிடம்தான். அதற்குள்ளும் மண்டபத்தில் யாருடைய போனாவது அடித்துவிடும். கால் மணி நேரம் ஒரு சந்தி முழுக்க வாய் திறக்காமல் நின்றதைக் கேட்டபோது எனக்குப் பயமாகவே இருந்தது.

மேலிடத்துக்கும் பயம் வந்திருக்க வேண்டும். தொப்பியால் முகத்தை மூடிய ஆட்கள் வந்து அடித்தார்கள். கார்கள் கூட்டத்துக்குள் புகுந்தன. கேட்டதற்கு, அவர்கள் வேலைக்குப் போகும் சாதாரண சனம், வழி மறித்ததால் பொறுமை இழந்துவிட்டார்கள் என்று பதில். வேலைக்குப் போகிற அவசரத்தில் மறக்காமல் இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு வருகிற சனம். விசாரணைக் குழு போட்டு அதன் அறிக்கையைக் கிணற்றில் போடுகிற நாட்டிலிருந்து வந்தவள் நான். அப்படிப்பட்ட எனக்கே வாய் பிளந்தது.

அக்காவின் கணவர் பாரிஸில் சொந்த நாட்டுக்காரர் ஒருவரிடம் சுவருக்குப் பூச்சு வேலை செய்கிறார். அந்த முதலாளிக்கு மேலிடத்தோடு நெருக்கம். அரசாங்கத்துக்கு ஆதரவாகச் சேர்பியாவில் ஒரு பெரிய கூட்டம் வைத்தார்கள். பாரிஸிலிருந்து பஸ் விட்டார்கள். எங்கள் நாட்டில் கூட்டத்துக்குப் பஸ்ஸும் சோற்றுப் பார்சலும். அவர்களுக்குப் பஸ்ஸும் பாணுக்குள் வைத்த இறைச்சியும். போகாவிட்டால் வேலை இருக்காது. அக்கா வேண்டாம் என்று அழுதார். சும்மா போய் நிற்கப் போகிறேன், வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மனிதர் பஸ் ஏறினார். மகள் நிற்கிற அதே நகரம்.

கூட்டம் நடந்தது ஒரு சனிக்கிழமை. கடை நிரம்பி வழிந்தது. அக்கா நூல்பெட்டியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு தைத்தார். மகளின் சிநேகிதி ஒருத்தி நேரலையில் படம் காட்டிக்கொண்டிருந்தாள். சந்தி முழுக்கச் சனம், ஒரு சத்தமும் இல்லை. பிளவுஸ் எடுக்க வந்த ஒரு பெண், அக்காவின் போன் பழுதோ, சத்தம் வரவில்லையே என்று என்னிடம் கேட்டாள். மஞ்சள் சட்டை போட்ட மாணவர்கள் கார்களைத் தடுப்பதற்காகக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார்கள். அதில் ஒன்றை அக்கா விரலால் தொட்டுக் காட்டினார். மகள். ஓரத்திலும் ஓரத்தில் நின்றாள். நடுவில் நில் என்று எத்தனை தரம் சொன்னேன் என்றார் அக்கா. தெருவுக்கு மற்றப் பக்கம் கொடிகளும் பஸ்களும்.

கொடிகளுக்கு நடுவிலிருந்து அந்த ஆட்கள் வந்தார்கள். படம் ஆடியது. தார் ரோடு தெரிந்தது, யாரோ ஒருவரின் சப்பாத்துத் தெரிந்தது, பிறகு ஒன்றும் இல்லை.

அக்கா மகளுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தார். அந்த நேரம் பார்த்து, மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குப் பிளவுஸ் இன்னும் முடியவில்லையா என்று வந்து நின்ற ஒரு தாயிடம் நான் எரிந்து விழுந்தேன். அவள் அண்ணையிடம் முறையிட்டாள். நான் பொருட்படுத்தவில்லை.

கணவருக்கு அடித்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். தங்கள் மொழியில் என்னவோ பேசினார்கள். அக்கா மெதுவாகப் போனை வைத்தார்.

"பஸ்ஸுக்குள் இருந்தாராம்," என்று பிரெஞ்சில் சொன்னார். "ஒன்றும் காணவில்லையாம்."

அதன்பிறகும் தைத்தார். சட்டைக் கையின் வாயை மூடித் தைத்துவிட்டு, கை எங்கே போனது என்று தேடினார். நான் வாங்கித் தையலைப் பிரித்தேன்.

கடை பூட்டும் நேரத்தில் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். இடது கை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. உயிர் இருக்கிறது என்று கேட்டதும் அக்கா அழுதார், நானும் அழுதேன். ஆனால் மகள் சொன்ன மிச்சத்தைக் கேட்டபிறகு அக்கா அழுகையை நிறுத்திவிட்டார். மௌனம் தொடங்குவதற்கு முன் அவள் அப்பாவைக் கண்டாளாம். அவர் பஸ்ஸுக்குள் இருக்கவில்லை. தெருவோரத்தில், கொடிக்குப் பக்கத்தில் நின்றார். அவளைப் பார்த்துக் கொஞ்சமாகக் கையைத் தூக்கினார். அவளும் தூக்கினாள். அடித்தவன் அவருக்குப் பக்கத்தால்தான் வந்தான், அப்போது முகத்தை மூடியிருக்கவும் இல்லை.

அங்கே பொலிஸ் எழுதியது, நெரிசலில் அவள் தானாக விழுந்தாள் என்று. அவளோடு நின்றவர்கள் சொல்வது எடுபடாது, அவர்கள் எல்லோரும் அவளுடைய ஆட்கள். மற்றப் பக்கத்தில் நின்ற ஒருவர் கண்டேன் என்று சொன்னால்தான் வழக்கு நிற்கும் என்றார் வழக்கறிஞர். மற்றப் பக்கத்தில் நின்றவர்களில் அவளுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான்.

மனிதர் பாரிஸுக்குத் திரும்பி வந்தார். ஒரு பின்னேரம் அக்காவைக் கூட்டிப்போகக் கடைக்கு வந்து, கல்யாணச் சேலைகளுக்குக் கீழே இருந்த கதிரையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். நல்ல மனிதர் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அக்கா மெஷினை விட்டு எழும்பாமல் ஏதோ ஒன்று கேட்டார். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். அந்த மொழி எனக்குத் தெரியாது, ஆனால் பஸ் என்ற சொல் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

அண்ணை அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். எனக்குப் பக்கத்தில் வந்து, "பாவம் மனிசன், அவருக்கும் வேலை இருக்குத்தானே," என்றார். இரண்டு பேரும் ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்கள் மாதிரி இருந்தது.

அப்போதுதான் பொலிஸ் மறுபடியும் வந்தது. ஒரு ஆண், ஒரு பெண், அவர்களோடு கோப்பை கழுவுகிறவர். அவருக்கு அண்மையில்தான் விசா கிடைத்திருந்தது, ஆகவே இந்த நாட்டுச் சட்டத்தில் இன்னும் நம்பிக்கை இருந்தது. கைக்கட்டு அவிழ்ந்திருந்தது. விரல்கள் மடங்கவில்லை. எங்கள் ஒருவரையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. யாராவது முகம் கண்டீர்களா என்று பொலிஸ்காரி கேட்டாள். அண்ணை பழைய பாடத்தை ஒப்புவித்தார். உள்ளே நின்றோம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கால்கள் மட்டும்தான்.

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். என் வாயில் அதே பதில் தயாராக இருந்தது. என் வீடு பாரிஸுக்கு வெளியே, கூசேன்வில்லில். இரவு ரயிலிலிருந்து தனியாக இறங்கி நடப்பவள் நான். வெட்டிய அந்தப் பையனின் தாய்க்கு என்னைத் தெரியும்.

கதிரையில் இருந்த மனிதர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மெதுவாக, ஆறுதலாக. காணவில்லை என்று சொல்லுங்கள், ஒன்றும் நடக்காது, நானும் அப்படித்தான் சொன்னேன் என்கிற மாதிரி. அந்தத் தலையசைப்பில் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நீதி நியாயம் ஒன்றும் அந்த நேரம் நினைவில் இல்லை. அந்த மனிதரோடு ஒரே வரிசையில் நிற்க எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

"நான் வெளியே நின்றேன்," என்று பொலிஸ்காரியிடம் சொன்னேன். "முகத்தைக் கண்டேன். அவனைத் தெரியும்."

கோப்பை கழுவுகிறவர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். பொலிஸ்காரி எழுதினாள். அடுத்த நாள் வந்து கையெழுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் அண்ணை எழும்பிப்போய் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். மழையும் இல்லை, வாளும் இல்லை.

"பிள்ளை, நீ எங்களையும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

அக்காவின் கணவர் எழும்பி எனக்குக் கிட்ட வந்தார். மதாம், இனி நீங்கள் தனியாகப் போகக்கூடாது என்றார். வேலை முடிந்ததும் ஒவ்வொரு நாளும் தான் வந்து கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் துணைக்கு நடப்பதாகச் சொன்னார். குரலில் நடிப்பு இல்லை. உண்மையாகவே வருவார். மழை பெய்தாலும் வந்து நிற்பார்.

"எனக்குத் துணை வேண்டாம்," என்றேன். "உங்கள் மகளுக்கு ஒரு சாட்சி வேண்டும்."

பின்பக்கம் மெஷின் சத்தம் நின்றுவிட்டது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. கணவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொப்பியைப் போட்டார். பிறகு குனிந்து, பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழால் வெளியே போனார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. இடுப்புக்குக் கீழே, பூச்சு வேலையின் வெள்ளை படிந்த அவருடைய கால்கள் மட்டும் வாசலிலேயே வெகுநேரம் நின்றன.